வண்டின் வயிற்றில் எழுதியிருப்பது

கேள்வி இதுதான்: சித்தப்பா எகிப்து சுற்றுலா போனவர் லக்சரில் ஒரு கல் வண்டு வாங்கி வந்திருக்கிறார். கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு வட்டம், அதன் கீழே சீப்பு மாதிரி ஒன்று, அதற்கும் கீழே குட்டியாக ஒரு வண்டு. மூன்றாம் துத்மோஸ் மன்னரின் பெயர், 3,400 வருஷப் பழசு என்று கடைக்காரர் சொன்னாராம். உண்மையா? அப்புறம், போயும் போயும் சாணி வண்டையா தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள்?

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. அந்த மூன்று குறிகளும் துத்மோஸின் பெயர்தான். ஆனால் பெயர் அவருடையது என்பதால் கல்லும் அவர் காலத்தது என்று ஆகிவிடாது. இது போலிகளுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை. அசல் எகிப்திய வண்டுகளுக்கும் இதே கதைதான். தொல்பொருள்களை விற்பதையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதையும் எகிப்து 1983-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆகவே இன்று லக்சர் கடையில் வெளிப்படையாக விலைக்குக் கிடைப்பது நேற்றுச் செய்ததாக இருந்தால்தான் நல்லது. அசலாக இருந்தால் சித்தப்பாவுக்குத்தான் சிக்கல்.

சரி, ஏன் சாணி வண்டு? நம் ஊரில் சாணி உருட்டி என்று சொல்வோமே, அந்த இனம்தான். விலங்குகள் போட்ட சாணத்தில் ஒரு பங்கைப் பிரித்து, உருண்டையாக்கி, தலை கீழே, பின்கால் மேலே என்று பின்புறமாக உருட்டிக்கொண்டு போகும். தலையின் முன்விளிம்பில் ஆறு பற்கள் வரிசையாக, கதிர் விரித்த மாதிரி இருக்கும். தன்னை விடப் பெரிய உருண்டையை மணலில் தள்ளிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைத்துவிட்டு அது காணாமல் போகும், கொஞ்ச நாள் கழித்து அதே மண்ணிலிருந்து புது வண்டு வெளியே வரும். தினமும் மாலையில் மண்ணுக்குள் போய் காலையில் திரும்பி வருகிற சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு இது போதாதா? விடியற்காலைச் சூரியனுக்குக் கெப்ரி என்று பெயர் வைத்து, வண்டு உருவம் கொடுத்தார்கள். சில ஓவியங்களில் மனித உடம்பில் தலை இருக்கவேண்டிய இடத்தில் முழு வண்டே உட்கார்ந்திருக்கும்.

பூச்சி வல்லுநர்கள் பின்னால் இதில் ஒரு திருத்தம் சொன்னார்கள். வெளியே உருட்டிக்கொண்டு போகிற உருண்டை பெரும்பாலும் சாப்பாடு. முட்டைக்கான உருண்டையைப் பெண் வண்டு நிலத்தடி அறையில் தனியாகச் செய்கிறது. அது பேரிக்காய் வடிவில் இருக்கும், முட்டை அதன் குறுகிய முனையில். இதைப் பொறுமையாகத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியருக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. தாயும் தகப்பனும் இல்லாமல் தானாக உண்டாகிறது என்பதுதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. எகிப்திய எழுத்தில் வண்டுப் படம் வெறும் படம் இல்லை, அது ஒரு வினைச்சொல். கெப்பெர் என்று படிப்பார்கள். ஆகுதல், உண்டாதல், உருக்கொள்ளுதல் என்று பொருள். அதாவது வண்டைச் செதுக்கினால் சிற்பம் செய்ததும் ஆயிற்று, 'ஆகு' என்று எழுதியதும் ஆயிற்று. அந்த எழுத்தைக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்தத் தாயத்திலும் வடிவமும் எழுத்தும் இந்த அளவுக்கு ஒட்டிப்போனதாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சித்தப்பாவின் கல்லுக்கு வருவோம். வட்டம் சூரியன், அதாவது சூரியக் கடவுள் ரே. சீப்பு மாதிரி இருப்பது சீப்பு இல்லை, மேலே காய்கள் நிறுத்திய ஆட்டப்பலகை. அதை மென் என்று படிக்கவேண்டும், நிலைத்தல் என்று பொருள். மூன்றாவது கெப்பெர். மேலிருந்து கீழே ரே-மென்-கெப்பெர் என்று இருந்தாலும் படிப்பது மென்-கெப்பெர்-ரே. கடவுள் பெயர் கடைசியில் வந்தாலும் எழுதும்போது மரியாதைக்காக முன்னால் போட்டுவிடுவார்கள். நாம் பிள்ளையார் சுழியை முதலில் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே அதைப் படிக்கவும் வேண்டும். 'ரேயின் உருக்கொள்ளல் நிலைத்தது' என்று ஏறக்குறைய மொழிபெயர்க்கலாம். இது துத்மோஸ் அரியணை ஏறியபோது சூட்டிக்கொண்ட பெயர். துத்தன்காமுனுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, நெப்-கெப்பெரு-ரே. அவருடைய நகைகளில் நடுவில் வண்டு, தலைக்கு மேல் வட்டம், காலடியில் மூன்று கோடு, அதற்குக் கீழே அரைவட்டக் கூடை என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க நகை, படித்தால் மன்னர் பெயர். அவருடைய மார்புப் பதக்கம் ஒன்றில் இருக்கிற மஞ்சள் வண்டு, லிபியப் பாலைவனத்தில் இயற்கையாகக் கிடைக்கிற கண்ணாடியில் செதுக்கியது. அந்தக் கண்ணாடி உருவாகி சுமார் 2.9 கோடி வருஷம் ஆகிறது.

ஆனால் இந்த மாதிரி மன்னர் சரக்கு ரொம்பக் குறைவு. பெரும்பாலான வண்டுகள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், செய்தது மாக்கல்லில். கல்சட்டி செய்கிற அதே வகைக் கல். நகத்தால் கீறினாலே கோடு விழும், அவ்வளவு மெத்து. அதனால் செதுக்குவது சுலபம். முதுகில் இறக்கைகள் பிரிகிற கோடு, தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு குறுக்குக் கோடு, பக்கவாட்டில் கால்கள், அடியில் எழுத்து, நீளவாக்கில் வாயிலிருந்து வால்வரைக்கும் ஒரு துளை. பிறகு பளபளப்புப் பூச்சுக் கொடுத்து சூளையில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் மாக்கல் தன் தன்மையையே மாற்றிக்கொண்டு, நகத்தால் கீறிய கல் எளிதில் கீற முடியாத கல்லாகிவிடும். செம்பு கலந்த பூச்சு பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கும். இன்று அருங்காட்சியகங்களில் வெள்ளையாக, பழுப்பாகக் கிடக்கிற வண்டுகளில் பல ஒரு காலத்தில் கிளிப்பச்சையாக இருந்தவை, பூச்சு உதிர்ந்துபோயிற்று. இறக்கை இடுக்கில், எழுத்தின் பள்ளத்தில் உற்றுப் பார்த்தால் சில சமயம் ஒரு பச்சைத் துணுக்கு மிச்சம் இருக்கும்.

துளைக்குள் நூல் கோத்துக் கட்டிக்கொள்ளலாம், அல்லது தங்கக் கம்பி நுழைத்து மோதிரமாக்கலாம். மோதிரத்தில் வண்டு சுழலும்படி வைத்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது முதுகு வெளியே தெரியும். வேலை வரும்போது திருப்பினால் எழுத்து வெளியே வரும்.

என்ன வேலை என்றால், முத்திரை குத்துவது. முதலில் வந்த வண்டுகளில் எழுத்தே கிடையாது, வெறும் தாயத்து. கி.மு. 2000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில்தான் அடிப்பக்கத்தில் குறிகளும் சுருள் கோடுகளும் வருகின்றன, அதன்பின் 12, 13-ஆம் வம்சங்களில் அதிகாரிகள் பெயரும் பதவியும். பெட்டியை, கதவை, தானிய மூட்டையைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் வண்டின் வயிற்றை அழுத்துவார்கள். நம் அரசு அலுவலகத்தில் அரக்கு முத்திரை வைப்பதுபோல. உடைக்காமல் திறக்கமுடியாது. எகிப்தில் கருவூலத் தலைவரின் பதவிப் பெயரே 'முத்திரையிட்டவற்றின் கண்காணிப்பாளர்' என்பதுதான். நூபியாவில், இன்றைய சூடான் எல்லைக்குள் இருந்த உரோனார்த்தி கோட்டையைத் தோண்டியபோது இப்படி உடைத்துப் போட்ட களிமண் முத்திரைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எனக்கு வண்டுகளை விட இந்தக் களிமண் துண்டுகள்தான் பிடிக்கும். முன்பக்கம் யாரோ ஒரு அதிகாரியின் பெயர். திருப்பினால் பின்பக்கம் கயிற்றின் முறுக்கு, மரக்கட்டையின் ரேகை, சிலதில் களிமண்ணை அமுக்கிய ஆளின் விரல் ரேகை. வயிற்றில் எழுதியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது என்று இதைப் பார்த்தால்தான் உறைக்கிறது.

பிறகு அந்தக் காரணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகிறது. கி.மு. 1650 முதல் 1550 வரை வடக்கு எகிப்தை ஹிக்சோஸ் மன்னர்கள் ஆண்ட காலத்திலும் அதைச் சுற்றியும், கானான் பகுதியிலேயே, அதாவது இன்றைய பாலஸ்தீன-இஸ்ரேல் பக்கம், வண்டுகளைத் தயாரித்துத் தள்ளினார்கள். அவற்றில் ஒரு வகை வேடிக்கையானது. அ, ந, ர என்ற மூன்று ஒலிக்கான குறிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருப்பார்கள். அனர, நரஅ, ரரன என்று எப்படியும் வரும். எந்த மொழியிலும் ஒரு சொல்லாக அதைத் திருப்திகரமாகப் படிக்க யாராலும் முடியவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எகிப்திய எழுத்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எழுத்து இருக்கிறது என்பதே போதும், அதற்குள் ஏதோ சக்தி இருக்கிறது. தகட்டில் எழுதிய யந்திரத்தைப் படித்துப் பார்த்தா அரைஞாணில் கட்டுகிறோம்?

இந்த இடத்தில்தான் துத்மோஸ் வருகிறார். அவர் ஆண்டது கி.மு. 1479 முதல் 1425 வரை. பெரிய போர் வீரர், எல்லையை யூப்ரடீஸ் ஆறு வரை கொண்டுபோனவர். மென்கெப்பெர்ரே என்ற பெயர் பொறித்த வண்டுகள் அவர் இருந்தபோதும் நிறைய, இறந்த பிறகும் நிறைய, பல நூறு வருஷம் கழித்தும் நிறைய. பெயரே தாயத்தாகிவிட்டது. 21-ஆம் வம்சக் காலத்தில் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத்துத் தலைமைப் பூசாரி ஒருவருக்கும் மென்கெப்பெர்ரே என்றுதான் பெயர், அது வேறு குழப்பம். போதாக்குறைக்கு, இந்த மூன்று குறிகளையும் வேறு விதமாகப் படித்தால் அமுன் கடவுளின் பெயர் மறைமுகமாக வரும் என்று எத்தியென் திரியோத்தோன் என்ற அறிஞர் வாதிட்டார். எல்லா வண்டுக்கும் அதைப் பொருத்துவது அதிகப்படி என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பெயர் மன்னரை விட்டு விலகி ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

அகழ்வாய்வு செய்கிறவர்களுக்கு இது தலைவலி. ஒரு மண் அடுக்கில் மென்கெப்பெர்ரே வண்டு கிடைத்தால் அந்த அடுக்கு துத்மோஸுக்கு முந்தியது இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். வேறு எதுவும் சொல்லமுடியாது. தலைகீழாக, யாருக்கும் ஞாபகம் இல்லாத மன்னரின் பெயர் கிடைத்தால் அது பொக்கிஷம். இத்தாலியில் இஸ்கியா தீவில் கிரேக்கர்கள் குடியேறிய பித்தேகூசை என்ற ஊரில் ஒரு குழந்தையின் கல்லறையில் ஒரு வண்டு கிடைத்தது. அதில் பொறித்திருந்த மன்னர் பெயர் பொக்கோரிஸ், எகிப்திய மொழியில் பாகென்ரெனெஃப். கி.மு. 720-ஐ ஒட்டி ஒரு அஞ்சாறு வருஷம் ஆண்டுவிட்டுப் போனவர். செத்த பிறகு அவர் பெயரைத் தாயத்தாக்க யாருக்கும் பெரிய ஆசை இருந்திருக்காது. ஆக அந்தக் கல்லறையும், அதில் இருந்த கிரேக்கப் பானைகளும், அவற்றோடு ஒத்துப்போகிற மற்றப் பானைகளும் எந்தக் காலம் என்று கணக்குப் போட இந்தச் சின்ன வண்டு ஒரு ஆணியாக உதவுகிறது. துருக்கிக் கடலோரம் உளுபுருனில் மூழ்கிக் கிடந்த கப்பலில் எகிப்து ராணி நெஃபெர்தித்தி பெயரோடு ஒரு தங்க வண்டு எடுத்தார்களே, அதுவும் இப்படித்தான். கப்பல் அவருக்கு முன்னால் மூழ்கியிருக்க முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது. புகழ் பெற்ற மன்னர்கள் காலம் சொல்லமாட்டார்கள். காணாமல் போனவர்கள்தான் சொல்வார்கள்.

வண்டின் வயிற்றை வேறு யாரும் யோசிக்காத விதத்தில் பயன்படுத்தியவர் மூன்றாம் அமென்ஹோதெப், துத்மோஸின் கொள்ளுப்பேரன். உள்ளங்கை அளவுக்குப் பெரிய வண்டுகளைச் செய்யச் சொல்லி, அடியில் பத்துப் பதினைந்து வரிக்குச் செய்தி எழுதி அனுப்பினார். 200-க்கு மேல் இன்று இருக்கின்றன. ஒன்று ராணி தியேவைப் பற்றியது: அப்பா பெயர் யூயா, அம்மா பெயர் தூயா, இவள் ஒரு வலிமைமிக்க மன்னனின் மனைவி, அவனுடைய தெற்கு எல்லை கரோய், வடக்கு எல்லை நஹரின். ராஜ வம்சத்துப் பெண் இல்லை என்பதை மறைக்கவே இல்லை. ஆமாம், இன்னார் மகள்தான், இப்போது யார் மனைவி என்று பார்த்துக்கொள் என்கிற தொனி அதில் எனக்குக் கேட்கிறது. இன்னொன்று வேட்டைக் கணக்கு: ஆட்சியின் முதல் வருஷத்திலிருந்து பத்தாம் வருஷம் வரை மன்னர் தன் கையாலேயே அம்பு விட்டுக் கொன்ற சிங்கங்கள் 102. பத்தாம் வருஷத்தில் மித்தானி நாட்டு இளவரசி கிலுகெப்பா 317 பெண்களோடு வந்திறங்கியதை ஒன்று சொல்கிறது. அந்தப் புது மணப்பெண் செய்தியிலும் முதலில் தியே பெயர், அவளுடைய அப்பா அம்மா பெயர், அப்புறம்தான் கிலுகெப்பா. பதினோராம் வருஷத்தில் தியேவுக்காக வெட்டிய 3,700 முழ நீள ஏரியைப் பற்றி இன்னொன்று. காட்டு மாட்டு வேட்டையைப் பற்றியும் உண்டு. இவை சூடான் முதல் சிரியாவின் ராஸ் ஷம்ரா வரை கிடைத்திருக்கின்றன. முழுக்க எழுத்துக்காகவே இருந்த வண்டுகள் இவை. ஆனாலும் அந்தச் செய்தியைக் கல்பலகையில் எழுதாமல் வண்டின் வயிற்றில் எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக இதய வண்டு. இது உயிரோடு இருப்பவர் போடுவது இல்லை. பச்சைக் கல்லில், ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில் செய்து, பிணத்தின் நெஞ்சில் வைத்துக் கட்டுவார்கள். மறு உலகில் செத்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் மாஅத் என்ற உண்மையின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள். எடை தவறினால் முதலைத் தலை மிருகம் ஒன்று அங்கேயே காத்திருக்கிறது. பயம் அந்த மிருகத்தின் மேல் இல்லை, தன் இதயத்தின் மேல்தான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு என்போமே, அந்த நெஞ்சே வாய் திறந்து சொல்லிவிட்டால்? அதனால் வண்டின் வயிற்றில் அதற்கு ஒரு வேண்டுகோள் எழுதியிருக்கும். சாரம் இது: என் தாயிடமிருந்து வந்த என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்திருக்காதே, தீர்ப்புச் சொல்கிறவர்கள் முன்னால் என்னை எதிர்க்காதே, தராசைப் பிடித்திருப்பவன் முன்னால் எனக்குப் பகையாகாதே. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சோபெகெம்சாஃப் என்ற மன்னருடையது ஒன்று இருக்கிறது. பச்சைக் கல்லில் மனித முகத்தோடு ஒரு வண்டு, தங்கத் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, இந்த வாசகம் தங்கத்தில் கொஞ்சம் கோணல்மாணலாகக் கீறியிருக்கிறது. கடைச் சரக்காகவும் இதய வண்டுகள் இருந்திருக்கின்றன. வாசகம் முழுக்கப் பொறித்து, 'இன்னார்' என்று வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டவை கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் பெயர் எழுதாமலேயே புதைத்துவிட்டார்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். லக்சர் பக்கம் நூற்றைம்பது வருஷமாகவே இது குடும்பத் தொழில். புதுக் கல்லைப் பழசாக்க வான்கோழிக்கு விழுங்கக் கொடுத்து மறுபக்கம் எடுப்பார்கள் என்று ஒரு கதை வெகு நாளாகச் சுற்றுகிறது. எகிப்து மன்னர் நேகோ அனுப்பிய பினீசியர்கள் கப்பலில் ஆப்பிரிக்காவையே சுற்றி வந்ததாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார் அல்லவா, அதற்கு ஆதாரமாக இரண்டு பெரிய வண்டுகள் 1900-களில் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. காலமான ஒரு பிரெஞ்சு எகிப்தியவியலாளரின் மகன் கொண்டுவந்தவை. உலகமே பரபரத்தது. 1908-இல் பெர்லினில் அடால்ஃப் எர்மானும் ஹைன்ரிக் ஷேஃபரும் போலி என்று நிறுவிவிட்டார்கள். எழுத்து ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாக்கியங்கள் ஏற்கெனவே அச்சில் வந்த வேறு வேறு கல்வெட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டியவை, அமென்ஹோதெப்பின் கல்யாண வண்டிலிருந்தும் கொஞ்சம். தப்பு எழுத்து எழுதுகிறவனை விடச் சரியாக எழுதுகிறவன்தான் ஆபத்து.

உங்களிடம் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பும்போது வயிற்றை மட்டும் அனுப்பாதீர்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது, மென்கெப்பெர்ரேயை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். பக்கவாட்டுப் படம் முக்கியம். கால்களை எப்படி வெட்டியிருக்கிறார்கள், அடிவரைக்கும் குடைந்திருக்கிறதா, வெறும் கோடாக விட்டிருக்கிறதா என்பதைக் காலத்துக்குக் காலம் மாறுகிற பாணிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தலையும் தோளும் மேலிருந்து ஒன்று. அப்புறம் துளை, இரண்டு முனையும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை ஒரே அகலத்தில் குழாய் மாதிரி நேராக, உள்ளே வழவழவென்று போனால் மின் துளைப்பான். இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் லேசாகக் கோணிச் சந்தித்தால், வாய் விளிம்பு நூல் உரசி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். அதுவரை சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம்.